இரண்டு பற்றறி

கமலரூபி கதை வாசித்த இரவு
ஐந்து பேருக்கு ஒரு ஜாம் போத்தல் விளக்கு.
பஞ்சுத் திரி, அடியில் ஒரு விரற்கடை எண்ணெய்.
எழுத்து அவளுக்கு மட்டுந்தான் தெரிந்தது.
எங்களுக்கு அவளுடைய மோவாய்.
அது போதுமாயிருந்தது.

கப்பல் புத்தூரிலிருந்து புறப்படுகிறது,
நிலாவரைக் கிணற்றடியில்.
அடி காணாத அந்தத் தண்ணீருக்குக் கீழே
ஓர் உலோகம் எடுக்கிறார்கள்.
கையை விட்டால் மேலே விழும்.
"மேலே விழும்" என்று வாசித்துவிட்டுச்
சற்று நிறுத்தினாள், யாரும் சிரிக்கிறோமோ என்று.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கிணற்றின் பெயரே பாதித் தூரம் போயிருந்தது:
நிலா வரை.
பௌதிகம் படிப்பிக்கிற அருளம்பலத்தார்கூட
புவியீர்ப்பை விட்டுக்கொடுத்தார்,
கலியாணவீட்டுப் பந்தியில்
கொஞ்சம் ஒதுங்கி இருப்பதுபோல.

மூன்றாம் நாள். கப்பலுக்குள் இருட்டு.
கதாநாயகி டோர்ச்சை அழுத்துகிறாள்.

"பொறும் பிள்ளை," என்றான் கராஜ் குணபாலன்.
"பற்றறி எங்கால?"

கப்பல் அந்தரத்தில் நின்றது.

"தாண்டிக்குளத்தால ஒரு பற்றறி விடுறாங்களில்லை.
இவள் ரெண்டு புதுசு போட்டிருக்கிறாள்.
ஆர் குடுத்தது?"

"இது எதிர்காலம், அண்ணை."

"அப்ப தடை எடுத்தாச்சோ?
அதையெல்லோ முதல் பக்கத்திலை சொல்லோணும்!
பிறகு ஏன் சந்திரனுக்குப் போறியள்?"

அவள் பேனையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.
நான் குணபாலனுடைய கராஜை நினைத்தேன்.
காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விடுவான்,
அந்த ஒரு மூடிக்கு எஞ்சின் உயிர்பிடிக்கும்,
மிச்ச வழிக்கு மண்ணெண்ணெய்தான்,
ஊரெல்லாம் புகைத்துக்கொண்டு
மானிப்பாய் வரை ஓடும், சண்டிலிப்பாய் வரை ஓடும்.
கதைக்கும் ஒரு மூடி நிசம் போதும்போல.
ஆனால் அந்த மூடியில்
தண்ணீர் கலந்திருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம்,
மணந்து பார்த்தே.

"சைக்கிள் ஒண்டை ஏத்து," என்றான் அவனே.
"கவிட்டு வைச்சுச் சுத்தினால் டைனமோவிலை
லைற்றும் எரியும், றேடியோவும் கேக்கும்."

"அங்கை கவிழ்ப்பு எது, நிமிர்ப்பு எது?"
என்றார் அருளம்பலத்தார்.

"அப்ப இன்னும் சுகம், சேர்."

டோர்ச்சை வெட்டினாள்.
ஓரத்தில் ஒரு லுமாலாச் சைக்கிளை எழுதினாள்.
அதைச் சுற்ற ஆள் வேண்டும் என்று
மயிலன் என்றொரு பெடியன் கதைக்குள் வந்தான்.
போகும் வழியெல்லாம் சுற்றினான்,
உள்ளங்கை கொப்பளித்தது,
கதையில் எனக்குப் பிடித்த ஆள் அவன்தான்.

கோடு போட்ட கொப்பியில் நான் பிரதி எடுத்தேன்.
கொழும்புக்குப் போயிற்று, எந்தப் பையில், யார் மடியில்,
தெரியாது. பதில் நாலாம் மாதம் வந்தது,
சஞ்சிகை ஆசிரியரின் வடிவான கையெழுத்தில்:

"மேலே விழும் உலோகம் அற்புதம்.
ஆனால் சைக்கிளைக் கையால் சுற்றி
வானொலி கேட்பது நம்பும்படியாக இல்லை.
விஞ்ஞானக் கதை என்றாலும்
ஓரளவு சாத்தியம் வேண்டாமா?"

இதை நான் வாசிக்கும்போது
குணபாலன் கராஜுக்குள் குந்தியிருந்து
மிதியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.
இரவுச் செய்தி நேரம்.
லண்டனிலிருந்து ஒரு பெண் எங்களைப் பற்றித்தான்
ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
அவனுக்குச் சிரிப்பு வந்து கை நின்றுவிட்டது.
அவள் குரல் தேய்ந்து தேய்ந்து போயிற்று.
தடித்துப் போயிற்று என்று முதலில் எழுதியிருந்தேன்.
தடிப்பது கசெற் என்று அவன் திருத்தினான்.

இருட்டு. மண்ணெண்ணெய் மணம்.
கடிதம் என் கையில்தான் இருந்தது.

"சுத்தடா," என்றார் அருளம்பலத்தார்,
"அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தவள் எண்டு கேப்பம்."