ஒன்றுமில்லை

விடிய ஐந்தே முக்காலுக்கு எங்கள் வாகனம்
முறிகண்டியில் நிற்கும்.
சாரதி தேங்காய் உடைப்பார்.
எமல்டா இறங்கமாட்டாள், இருந்த இருக்கையிலேயே
நெற்றியில் தொடங்கித் தோளில் முடித்துவிட்டுக்
கொட்டாவி விடுவாள்.
நான் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று போடுவேன்.
பெரிதாய் நேர்த்தி எதுவும் இல்லை.
பின்னேரம் பதிவேட்டில்
'ஒன்றுமில்லை' என்று எழுத வேண்டும் பிள்ளையாரே,
பத்து விரலும் இருக்க.

பதினொரு வருடமாய்க் கண்ணிவெடி அகற்றும் வேலை.
ஒரு நாளைக்கு ஒரு பாயின் அகலம் நிலம்.
மண் இளகியிருந்தால் இரண்டு பாய்.
வீரை வேர் குறுக்கே ஓடினால்
ஒரு தலையணை.

முழங்காலில் நிற்பதைப் பார்த்து
பாதர் ஒருமுறை சொன்னார், இதுவே செபம் என்று.
இல்லை பாதர், இது சம்பளம்.
முகக்கவசத்துக்குள் வியர்வை மூக்கு நுனியில் தொங்கும்,
துடைக்க முடியாது,
அதுவாய் விழும்வரை நிலத்தைப் பார்த்தபடி இருப்பேன்.
விழுந்ததும் ஒரு நன்றி வரும் பாருங்கள்,
அதை வேண்டுமானால் கணக்கில் சேருங்கள்.

கருவி கத்தும்.
மீன்டின் மூடியாய் இருக்கலாம்,
சட்டை ஊசியாய் இருக்கலாம்.
அந்த 'இருக்கலாம்'இற்கு இருபது நிமிடம்.
பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி
ஒருநாள் நான் எடுத்தது
ஒரு சைக்கிள் மணி.
களிசானில் துடைத்து விரலால் தட்டினேன்.
அடித்தது.
கரகரத்து, ஒரே ஒருமுறை, ஆனால் அடித்தது.
சிவப்புத் தடிகளுக்கு அப்பால் எமல்டா சிரித்த சிரிப்பில்
மேற்பார்வையாளர் விசில் ஊதி
அன்றைக்குத் தேநீரை முந்தித் தந்தார்.

வீட்டில் சொன்னேன். மகள் கேட்டாள்,
"அதெல்லாம் ஒரு வெற்றியா அம்மா?"
கணிதத்தில் நாற்பத்தொன்று எடுத்திருந்தாள் அன்று,
போன தவணை இருபத்தாறு.
அதுவும் இதுவும் ஒன்றுதான் என்றேன்.
இரண்டு பேருக்கு மூன்று முட்டை பொரித்தோம்.

காணி கையளித்த நாள் பெரிய நாள்தான்.
தறப்பாள் பந்தல், ஒலிவாங்கி,
கச்சேரியிலிருந்து வந்தவர் பேசினார்.
என்ன பேசினார் என்று கேட்காதீர்கள்.
நான் கனகசூரியரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்திரத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
எல்லையில் செருப்பைக் கழற்றினார்,
ஓர் அடி வைத்தார்.
அடுத்ததை வைக்கவில்லை.
இத்தனை வருடம் மண்டையோட்டுப் பலகையைப் பார்த்த கால்
கடதாசியை நம்பவில்லை.

என்ன நினைத்தேன் என்று தெரியாது.
கயிற்றைத் தாண்டிப் போய்
நடுக்காணியில், அவருக்கு முன்னால்,
இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேன்.
சப்பாத்தோடு. திரும்பவும்.
முப்பத்தொன்பது வயதில், சீருடையில், அதிகாரிகள் பார்க்க.
புழுதி எழும்பி அடங்கியது.
எமல்டா விசுவாசம் என்று சொல்வது
இதுவோ என்னவோ,
தன் கை தொட்ட மண்மேல் தானே விழுவது.
அவர் நடந்து வந்து
"பிள்ளை, காணும்" என்றார்.

பக்கத்து வளவுச் சொர்ணலட்சுமியக்கா
மகனின் படத்தோடு அலுவலகம் அலுவலகமாய்ப் போய்வருகிறா.
அங்கேயும் அதே சொல்தான்,
ஒன்றுமில்லை.
எனக்குச் சோறு போடும் சொல்
அவவின் படலையில் கிடக்கும் கல்.
மாலையில் கண்டு, வேலை எப்படி என்று கேட்டால்
"வெயில் அக்கா" என்பேன், அவ்வளவுதான்.
முறிகண்டியில் அவவுக்கும் ஒரு குற்றி போடுகிறேன்.
பிள்ளையாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.
நானும் போடுவதை நிறுத்தவில்லை.

இந்த மாசியில் அந்தக் காணியில் கச்சான் பிடுங்கினார்கள்.
வேரோடு ஒரு பிடி, மண்ணும் உதறாமல்,
வாகன யன்னலால் என் மடியில் வைத்தார் கனகசூரியர்.
மண்ணை விரலால் தடவிப் பார்த்தேன்,
பழக்கதோஷம்.

அந்த மணியையும் அவரிடம்தான் கொடுத்தோம்.
"எங்கட இல்லை" என்றவர்
அடுத்த நாளே பூட்டிக்கொண்டார்.
ஆள் நடமாட்டமில்லாத கிரவல் ஒழுங்கையில்
வளைவுக்கு வளைவு அடித்துக்கொண்டு போகிறார்.
ஒரு மயில் விலகி நிற்கிறது.