இரண்டு நாள்

ஒப்பந்தத்தின் நாற்பத்தோராம் பிரிவு
ஒடீலுக்கு இரண்டு நாள் தருகிறது, சம்பளத்தோடு.
'இடர்ப்பாட்டை ஒரே வரியில் விவரிக்கவும்.'
மகனின் சிறுநீரகம் என்று எழுதினாள்.
டயாலிசிஸ் வின்னிபெக்கில்தான், அடுத்த வாரம்.

பெட்டிகள் கட்டிய இரவே பனிப்புயல்.
வானிலை நிலையத்தில் அதை முதலில் பதிந்தவளும் அவள்தான்.
ரேங்கின் இன்லெட் விமான நிலைய பெஞ்சில்
முதல் நாள் போயிற்று.
இரண்டாம் நாளும்.
பையன் அவள் கோட்டுக்குள் தூங்கினான்.

சங்கத்து கிலாபுக் போனில் கத்தினார்:
"கிளம்பவே இல்லையே ஐயா!
புயல் தின்ற நாளைப் புயல் கணக்கில் எழுதுங்கள்."
பார்க்கிறோம் என்றார்கள்.

பிறகு மேலதிகாரி:
"இங்கேதானே இருக்கிறீர்கள், ஒடீல்,
ஆறு மணிக் காற்றளவை மட்டும்..."

கண்ணாடிக்கு வெளியே
காற்றுப்பை விறைத்து நின்றது.
எத்தனை நாட் என்று
பார்த்தாலே தெரியும் அவளுக்கு.

சொல்லவில்லை.