கொம்பும் காலும்

மாதையன் மூன்றாவது முறை வந்தபோதும்
இல்லை என்றுதான் சொன்னேன்.
"நல்லாப் பாரும்மா" என்றார்.
நான் சொல்லவில்லை, எடிட்டர் சொன்னது,
நான் வாசித்தேன்.
'கொட்டாய்' என்று தேடினால் பூஜ்யம்.
பாலக்கோடு சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
பத்திரம் தட்டும் கடை. சகாதேவன் காலத்துக் கோப்பு
பதினாலு வருஷம்.
அதில் ஒரு கொட்டாய்கூட இல்லையாம்.
இந்தத் தாலுகாவில் தடுக்கி விழுந்தால் கொட்டாய்.

பிறகுதான் பிடிபட்டது.
சகாதேவன்
கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போட்டிருக்கிறார்.
நான் போடுவது ஒரே குறி.
கண்ணுக்கு இரண்டும் ஒரே கொ.
எடிட்டருக்கு இது மாடு;
அது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்
கிடக்கும் ஏதோ.

நேற்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூல நிரலை முழுக்க இறக்கினேன்.
தேடும் இடத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
ஒப்பிடும் முன் இரண்டையும் ஒன்றாக்கு.
அந்த ஒரு வரிக்காக
நாலு லட்சம் வரியையும் கம்பைல் செய்ய வேண்டும்.
நியாயம்தான்.
ஒரு சென்ட் பிரித்தாலும்
நான்கெல்லையும் எழுதுகிறோமே.

பத்தாவது வினாடியில் முதல் எர்ரர்.
ஒரு ஹெட்டரைக் காணோம்.
கொண்டுவந்து வைத்தால் அது இன்னொன்றைக் கேட்கிறது,
அது மூன்றாவதை.
வாரிசுச் சான்றுக்கு அலைகிறவர்களைத்
தினமும் பார்க்கிறேன்,
அதனால் கோபம் வரவில்லை.
அச்சுக்கான நூலகம் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை.
சரி, அது வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு
மறுபடி மேக்.

கோப்புப் பெயர்கள் ஓடின.
பஸ்ஸிலிருந்து பார்க்கும் ஊர்ப் பலகை மாதிரி,
எதிலும் எனக்கு இறங்க வேலையில்லை.
வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ் கத்தியபோது
நாற்பத்தேழு சதவீதம்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்,
அதனால் என்ன ஆகிவிடும் என்று தெரியாமலே.
ஓசூர்ப் பக்கம் ஒரு சரக்கு ரயில் போனது.
வறுகடலை தீர்ந்தது.
எச்சரிக்கைகள் நூறு வந்தன, எச்சரிக்கைதானே.

மூன்று இருபதுக்கு முடிந்தது.
ஆயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.
கர்சர் அடுத்த வரிக்கு வந்து நின்றது,
அவ்வளவுதான்.

திறந்தேன். கொட்டாய் என்று அடித்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
எண்பத்தாறாவது மாதையனுடையது.
வண்டிப்பாதைக்குக் கிழக்கு,
புங்கங்கொட்டாய் ஓடைக்கு மேற்கு,
கிணற்றில் நாலில் ஒரு பங்கு,
மோட்டார் ஓட்ட
வாரத்தில் வியாழனும் ஞாயிறும்.
எல்லாம் இருந்தது. இருந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

அச்சடிக்கக் கை போனது.
பொத்தான் இல்லை.
நான்தானே வேண்டாம் என்றேன்.

சர்வே எண்ணைக்
கடலைப் பொட்டலத்தின் பின்னால் எழுதிக்கொண்டேன்.
இந்நேரம் அவர் தக்காளி மண்டியில்
கிரேடு இறக்கிக்கொண்டிருப்பார்.
நடந்தால் பத்து நிமிஷம்.
மூன்று முறை இல்லை என்ற வாயால்
எப்படி ஆரம்பிப்பது என்றுதான்
பாதி ஷட்டருக்கு இந்தப் பக்கம்
குனிந்தபடி நிற்கிறேன்.