தமிழுக்கு இலக்கம் இரண்டு

கண்ணாடிக் கூண்டுக்குள் என் வேலை
இன்னொருவருக்காக "நான்" என்று சொல்வது.
வெளியே தியவன்னா ஓயா பச்சையாய்க் கிடக்க
காதுக்குள் சிங்களம் நுழையும்.
மூன்று சொல் பிந்தி
தமிழாக வெளியே விடுவேன்.
கேட்க விரும்புவோர் இலக்கம் இரண்டை அழுத்த வேண்டும்.

வீடமைப்பு மீதான குழுநிலை விவாதம்.
பிற்பகல் இரண்டு ஐம்பது. சபையில் பதினேழு பேர்.
ஒருவர் தூங்குகிறார். ஒருவர் கைபேசியில்
யாருடைய கலியாணப் படங்களையோ
தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.
அமைச்சர் எழுந்தார்.
நானும் எழுந்தேன், இருந்த இடத்திலேயே:
"கௌரவ தவிசாளர் அவர்களே,
ஐந்தே ஆண்டில் நான் இந்த நகரத்தில்
ஒரு முடுக்கும் இல்லாமற் செய்வேன்."

முடுக்கு.
அவர் சொன்னதும் அதே சொல்தான்.
எங்களிடம் வாங்கிப் போன சொல்,
திரும்பி வரும்போது சேறு பூசியிருந்தது.
எனக்குத் தந்த சொற்கோவையில் அதன் பெயர்
"வசதி குறைந்த குடியிருப்பு".
இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ?
அரை விநாடி.
நான் பிறந்த வீட்டின் தகரக் கதவு திறந்து மூடியது,
பொதுக் குழாயடியில்
எங்கள் வாளி பத்தொன்பதாவதாக நின்றது.
அதற்குள் அவர் சதுர அடிக்குப் போய்விட்டார்.
ஓடிப் பிடித்தேன்.

எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டார்:
தெமட்டகொடைப் பதினான்கு மாடியில்
மின்னுயர்த்தி ஏன் ஓடவில்லை?
குப்பைக் குழாய் ஏன் நாலாம் மாடியோடு அடைத்து நிற்கிறது?

பதில்:
கட்டடம் அதிகார சபையினுடையது.
அதிகார சபை அதை முகாமைத்துவக் கழகத்திடம்
ஏலவே கையளித்துவிட்டது.
குப்பை மாநகர சபையின் பொறுப்பு, ஆனால் வாசலிலிருந்துதான்.
வாசலுக்கு உள்ளே கிடப்பது குப்பை அல்ல,
உள்ளகப் பராமரிப்பு.

ஒன்றும் பிசகாமல் சொன்னேன்.
அதில் எனக்கு நல்ல பெயர்.
கடைசியில், இருக்கையில் பாதி அமர்ந்தபடி:
"இரண்டு வாரத்தில் நானே அதைத் திருத்தித் தருகிறேன்."
(குறுக்கீடு)
(சிரிப்பு)
இரண்டுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பொரளையில் பஸ் மாறி இறங்கும்போது ஏழு மணி.
லிப்ட் கதவுக்குக் குறுக்கே அதே கயிறு.
அதில் யாரோ பிள்ளையின்
பள்ளிக்கூடச் சப்பாத்து காய்கிறது.
படியேறும் சுவரில் புது அறிவித்தல்:
சோலைவரி நிலுவை.
ஒரு கருவேப்பிலைக் கன்றுகூட இல்லாத இந்தச் சோலைக்கு
காலாண்டுக்கு ஒரு தடவை.

மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஜெஸீமா ராத்தா காஸ் சிலிண்டரோடு குந்தியிருந்தார்.
"டீவியில கேட்டன்.
ரெண்டு கிழமையில செஞ்சு தாறன் எண்டு சொன்னீங்க."

"அது நானில்ல ராத்தா. அமைச்சர்."

"கொரல் உங்கட தானே."

சிலிண்டரின் வளையத்தில்
ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான்.
ஐந்தாம் மாடியில் இறக்கி வைத்துக் கை மாற்றினோம்.
ஏழாம் மாடியில் மல்காந்தி
கதவைத் திறந்து நின்றாள், இடுப்பில் பிள்ளை.
"கவதாத, நங்கி?"

பழக்கதோஷம்,
"எப்ப எண்டு கேக்கிறா" என்றேன் ராத்தாவிடம்.
"எனக்கு வெளங்கும்," என்றார் மூச்சு வாங்கியபடி.
"நானும் அதத்தான் கேக்கிறன்."

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.
மூன்று சொல்லுக்கு நான் காத்திருந்தேன்.
முன்னால் யாரும் பேசவில்லை.

"இருபத்து நாலாந் திகதி" என்றேன்,
இரண்டு மொழியிலும்.
காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

மேலே இன்னும் நாலு மாடி.
சிலிண்டர் நிரம்பித்தான் இருந்தது.