கட்டம் மாறி உட்கார்ந்த வாக்கியம்

இரவு பதினொன்றேகால், கடைசி ட்ராம்.
ரீகாவின் பெரிய சந்தையைத் தாண்டும் வளைவில்
சக்கரத்தடியில் ஒரு குலுக்கல்.
கல்லாயிருக்கும்.
இறுகிய பனிக்கட்டியாயிருக்கும்.
ஆளாயிருக்கும்.
மூன்றாவதைத்தான் மனம் எடுத்துக்கொண்டது,
எப்போதும் போல.

பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு
கைவிளக்கோடு திரும்பி நடப்பேன்
தண்டவாளத்தை ஒட்டியே, நாலு கிலோமீட்டர்.
ரத்தம் இருக்காது. தொப்பி இருக்காது.
ஒருநாள் ஒற்றைக் கையுறை கிடந்தது.
அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை.

நௌரிஸ் என்னைவிட இருபது வயது சிறியவர்.
அறையில் ஹீட்டர் பழுது,
இருவரும் கோட்டைக் கழற்றாமலே பேசினோம்.
"பயப்படாதீர்கள்" என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
அதுவே பெரிய மரியாதையாய் இருந்தது.
தாளில் கோடு கிழித்து நாலு கட்டம் போட்டார்:
என்ன நடந்தது, என்ன நினைத்தீர்கள்,
நினைப்புக்கு என்ன சாட்சி,
எதிராக என்ன சாட்சி.

முதல் கட்டத்தில் எழுதினேன்:
ஒருவரைக் கொன்றுவிட்டேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பினார். மூக்கைச் சிந்தினார்.
"ஜித்ரா, இது இரண்டாம் கட்டத்துக்கு உரியது."

பதினேழு வருஷம் வண்டி ஓட்டுகிறேன்.
ஒரு வாக்கியம் கட்டம் மாறி உட்கார்ந்திருந்ததை
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு ஒரு சோதனை.
"திரும்பி நடக்காமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்?"
காலையில் போலீஸ் வரும்.
"நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்?"
தொண்ணூறு.
இல்லை, தொண்ணூற்றைந்து.

அன்றிரவு பனி கொட்டியது.
தடயமெல்லாம் மூடிப்போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.
ஒரு காலை பூட்ஸில் விட்டு, எடுத்து, மறுபடி விட்டு,
கெட்டில் மூன்று முறை கொதித்து ஆறியது.
ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
மேல்வீட்டு ராஸ்மா, உப்புக் கேட்டு.

எண்பது என்று எழுதினேன்.
நௌரிஸ் சிரிக்கவில்லை. "எண்பதா, சரி" என்றார்.

பயம் ஒரு பயணி, தன் நிறுத்தத்தில் தானே இறங்கிவிடும்
என்று இன்னொரு நாள் சொன்னார்.
அவர் ட்ராம் ஓட்டியதில்லை.
சிலர் இறங்கமாட்டார்கள்.
கடைசி நிறுத்தத்தில் தோளைத் தட்டி எழுப்பி,
பெயர் கேட்டு, பை எடுத்துக் கொடுத்து,
படியில் கைபிடித்து இறக்க வேண்டும்.
மறுநாளும் அதே இருக்கையில் வந்து உட்காருவார்கள்.

மார்ச் மாதம். பனி கரைந்து சேறு.
வளைவில் நேற்றும் குலுங்கியது.
முதல் கட்டத்தில் எழுதினேன்: வளைவில் வண்டி குலுங்கியது.
மற்ற மூன்று கட்டமும் காலியாக நின்றன, வெகுநேரம்.

இன்று காலை நிறுத்தத்தில்
மறுபடி ஒற்றைக் கையுறை, நீலக் கம்பளி.
குனிந்து எடுத்தேன். சேற்றை உதறினேன்.
வேலிக் கம்பியில் மாட்டினேன்,
தொலைத்தவர் கண்ணில் படும்படி.

தொலைத்தவர்,
எங்கோ, உயிரோடு,
ஒரு கை மட்டும் குளிர.