சேருமிடம்

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
ஏற்றுமதிப் படிவம் நிரப்புவது என் வேலை.

இருநூறு பீப்பாய் பெங்களூரா.
சேருமிடம்: பெர்பெரா, சோமாலியா.
வார்சமே குரல்செய்தி அனுப்பினார்:
நாட்டின் பெயரை மாற்று,
அந்தப் பெயரோடு வந்தால்
எங்கள் துறைமுகத்தில் இறங்காது.
மாற்றினேன். வங்கி திருப்பியது.
அவர் சொன்ன நாடு
அவர்கள் பட்டியலில் இல்லை.

கிஸ்மாயோக்காரர் பாதியை எடுத்துக்கொள்கிறேன் என்றார்.
மறுநாள் அவரே, பொறு,
தலைநகரோடு பேச்சு முறிந்துவிட்டது,
சாலையில் துப்பாக்கிகள் நிற்கின்றன,
யாருடையவை என்று விசாரிக்கிறேன்.

"மாங்கூழுக்கு என்னம்மா அரசியல்?"
மேலாளர் திம்மராயன் கத்துகிறார்.

லாரிக்கார மாதப்பன் சிரிக்கவில்லை.
காவிரிக் கலவரத்தன்று
எண்பலகைமேல் ஈரச்சாக்கைப் போர்த்தி
அத்திப்பள்ளியைக் கடந்தவர்.
"எந்த ஊர்னு கேட்டான்.
எதச் சொல்லலாம்னு
அவன் கையப் பார்த்தேன்."

துறைமுகத்தை மட்டும் தட்டச்சினேன்.
நாட்டுக்கான கட்டம் காலி.

வெளியே பீப்பாய்களில்
பெங்களூரா என்று ஒட்டியிருக்கிறது.
எல்லாம் இந்த மண்ணில் காய்த்தவை,
பெயர் மட்டும் எல்லைக்கு அந்தப்பக்கம்.

வார்சமேயின் அடுத்த குரல்செய்தி
ஒன்றரை நிமிடம்.
இன்னும் திறக்கவில்லை.