ஒரு கை கோட்டுக்குள்

ஆகஸ்டு முதல் செவ்வாய், காலை ஒன்பது நாற்பது.
புந்தா அரேனாஸில் காற்று
தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறது.
ரடோமிர் எழுந்துவிட்டார்.
கோட்டின் ஒரு கைக்குள் கை போயாயிற்று,
மற்றது முதுகில் தொங்குகிறது.
"தீவு லாரியை நிறுத்திவிடலாமா?
ஜூலையில் முப்பத்தொரு சதவீதம் விழுந்திருக்கிறது.
பத்து மணிக்கு வங்கியில் இருக்க வேண்டும்."

முன்பெல்லாம் இந்த மாதிரிக் கேள்விக்கு
வெள்ளிக்கிழமைதான் பதில்.
சான்டியாகோவில் யாரோ ஒரு பையன்
அறிக்கை சமைத்து, ஆறவைத்து அனுப்புவான்.
இப்போது கேள்வி சூடாக இருக்கும்போதே
விற்பனைத் திரையைத் திறக்கிறேன்.
"ஒரு நிமிஷம். கோட்டைப் போட்டு முடித்துவிடாதீர்கள்."

வழித்தடத்தை இழுத்து இடப்பக்கம் போடுகிறேன்,
மாதத்தைத் தூக்கி மேலே.
தொகைகள் தாமாகவே கூடிக்கொள்கின்றன.
பொருள்வாரியாக உடைத்தால்
வேலிக் கம்பி, கணப்புக் குழாய்,
ஆட்டு முதுகில் குறியிடும் நீலச் சாயம்,
ரப்பர் பூட்ஸ்,
எல்லாமே விழுந்திருக்கின்றன,
ஏறக்குறைய ஒரே ஆழத்துக்கு.

அங்கேதான் எனக்கு மூக்கில் வியர்த்தது.
ஒரு பொருள் சரிந்தால் ஊருக்கு அது அலுத்துவிட்டது.
அத்தனையும் ஒன்றாகச் சரிந்தால்
கோளாறு பொருளில் இல்லை.

நாள்வாரியாக. கிளிக்.
பல் விழுந்த வாய் மாதிரி ஜூலை:
மூன்று நாள் வெறுமை, ஒரு நாள் குவியல்,
நான்கு நாள் வெறுமை.
நிரலின் தலைப்பைப் படிக்கிறேன்: பில் தேதி.
சரக்கு இறங்கிய நாள் அது.
அதை வெளியே தள்ளி
ஆர்டர் தேதியை அங்கே இறக்கினேன்.

பள்ளம் தூர்ந்துவிட்டது.
கேட்டவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்,
கேட்டதுதான் நீரிணையைத் தாண்டவில்லை.

கதவருகே எலிசேயோ மன்சில்யா,
லாரி ஓட்டுகிறவர், கையுறை கழற்றாமல் நிற்கிறார்.
"ஒன்பது நாள் துறைமுகத்தை மூடினார்கள்.
ஐந்து ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்தேன்.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."
யாரும் கேட்கவில்லை.
எங்கள் சாஃப்ட்வேரில் தூக்கத்துக்கு நிரல் கிடையாது.

ரடோமிர் கோட்டின் இரண்டாம் கையைத் துழாவுகிறார்.
நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.
விரல் சும்மா இருக்கவில்லை,
வாடிக்கையாளர் பெயர்களையும் இழுத்துப் போட்டது.
போர்வெனிர்: பதினான்கு கடைகள்.
பதின்மூன்றில் ஆர்டர் உண்டு.
ஒன்றில், எந்தத் தேதியை வைத்தாலும் பூஜ்யம்.
ஒர்டென்சியா ஒயார்சோ, மே மாதத்திலிருந்து.
காற்றின் தலையில் கட்ட முடியாத பூஜ்யம்.

இரண்டு தட்டு தட்டினேன்.
கடைசி பில் விரிந்தது, மே பதினேழு:
பூட்டு, பெரியது, இரண்டு.
சங்கிலி, மூன்று மீட்டர்.
ரொக்கம்.
லாபம் இருபத்திரண்டு சதவீதம், பச்சை எழுத்தில்.

மூவரும் அந்தப் பச்சையையே பார்த்தோம்.
ஒரு கடை மூடியதையும்
வரவு என்றுதான் எழுதி வைத்திருக்கிறது.
"மகள் வீட்டுக்குப் போயிருப்பாள்" என்றார் ரடோமிர்.
"அவளுக்கு மகள் இல்லை" என்றார் எலிசேயோ.

கடிகாரம் ஒன்பது ஐம்பத்தொன்று.
"சரி, லாரி ஓடட்டும்."
இரண்டு வரைபடங்களை அச்செடுத்துக் கொடுத்தேன்,
கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினார்.
ஜன்னல் வழியே தெரிந்தது:
நடைபாதைக் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி,
மறு கையால் மார்பை, அதாவது ஜூலையை,
அழுத்திப் பிடித்தபடி போகிறார்.

இந்தப் பார்வையைச் சேமிக்கவா?
திரை கேட்கிறது.
வேண்டாம்.
குறிப்பு என்றொரு சின்னப் பெட்டி இருக்கிறது,
எந்தக் கூட்டலிலும் சேராதது.
அதில் எழுதுகிறேன்:
வியாழன், படகு போனால்,
ஒர்டென்சியாவின் பின்கதவைத் தட்டிப் பார்க்கவும்.

எலிசேயோ இதைப் படிக்கப்போவதில்லை.
கீழே கிடங்கில்
ஒரு மூட்டை கரியை
லாரியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்,
ஆர்டர் எண் இல்லாமல்.